தோல் நோயும் விரல் ரேகையும்: செயற்கைப் பதிவுகள் வழியே ஒரு சோதனை முறை

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களில் உள்ள ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் தொழிலாளர் ஜீப்புகளில் மலையேறுகின்றனர். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியிலும் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். கொழுந்து கிள்ளுவதும் காய் பறிப்பதும் விரல் நுனிகளின் வேலை. ஈரமும் உராய்வும் மருந்துத் தெளிப்பும் அந்த நுனிகளையே முதலில் தாக்குகின்றன. நியாய விலைக் கடையின் கருவி கேட்பதும் அதே விரல் நுனியைத்தான். ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’த் திட்டத்தின்கீழ் தமிழக அட்டையைக் கொண்டு கேரளத்தில் அரிசி பெற வேண்டுமானால் ஆதார் வழியான அடையாளச் சரிபார்ப்பு தேவைப்படுகிறது. எனவே விரலில் படரும் ஒரு கரப்பான், குடும்பத்தின் உணவைப் பாதிக்கும் செய்தியாகிவிடுகிறது.

விரல் ரேகையை ஆட்சி நிர்வாகத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு பெற்றார். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் அமைந்தது. ஆனால் மையிட்ட தாளை அனுபவமிக்க ஒரு மனிதர் உற்று நோக்கியதற்கும், நொடிப்பொழுதில் முடிவு கூறும் கருவிக்கும் வேறுபாடு பெரிது. தழும்பைத் தழும்பென்று மனிதர் அறிவார். கருவிக்கு அதைச் சொல்லித் தர வேண்டும்.

கருவி படிப்பது எதை? ரேகை என்பது தோலின் மேடுகளும் பள்ளங்களும் ஆகும். ஒரு மேடும் அடுத்துள்ள பள்ளமும் சேர்ந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம் கொள்ளும். அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற வழக்கமான நுட்பத்தில் இது 10 படப்புள்ளிகளுக்குச் சமம். மேடுகள் முடியும் இடங்களும் கிளைக்கும் இடங்களும் நுண்குறிகள் எனப்படும். ஒப்பீடு பெரும்பாலும் இவற்றைக் கொண்டே நடைபெறுகிறது.

இனி 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மருவை எண்ணிப் பார்க்கலாம். அதன் குறுக்கே சுமார் எட்டு மேடுகள் செல்ல வேண்டும். மரு அவற்றை அறுத்துவிடுவதால் இருபுறமும் சேர்த்துப் பதினாறு வரையில் பொய்யான முடிவுகள் தோன்றக்கூடும். அவ்விடத்தில் இருந்த உண்மைக் குறிகளும் மறைந்துவிடும். அதாவது நோய் தகவலை அழிப்பதோடு நில்லாமல், இல்லாத தகவலைப் படைக்கவும் செய்கிறது. பின்னதே ஒப்பீட்டை மிகுதியும் குழப்புவது.

இதனை அளந்தறிவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோயாளியின் இன்றைய ரேகையைப் பெறலாம். நோய்க்கு முன் அதே விரலில் எடுத்த பதிவு கிடைப்பது அரிது. மேலும் அது அவருடைய உடலடையாளமும் நோய்க்குறிப்பும் ஒருங்கே அடங்கிய தரவாகும். கையிலிருந்து கைக்கு மாற்றத் தக்கதன்று. செயற்கை ரேகைகள் இங்கேதான் உதவுகின்றன. இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்ஃபிஞ்ஜ்’ என்னும் முறை முதலில் விரலின் வடிவெல்லையையும், பின்னர் மேடுகள் ஓடும் திசையையும், அவற்றின் நெருக்கத்தையும் வகுத்துக்கொள்கிறது. சில விதைப் புள்ளிகளிலிருந்து வடிகட்டிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்த, மேடுகள் தாமே வளர்ந்து நுண்குறிகளும் உண்டாகின்றன. அழுத்தம், நெளிவு, அழுக்கு ஆகியவை இறுதியில் சேர்க்கப்படுகின்றன. 2000ஆம் ஆண்டு முதல் நடந்த பன்னாட்டு ரேகை ஒப்பீட்டுப் போட்டிகளில் இத்தகைய பதிவுகளும் இடம்பெற்றன.

செக் நாட்டின் பிர்னோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டிராஹான்ஸ்கி குழுவினர் தோல் மருத்துவர்களுடன் இணைந்து நோயுற்ற விரல்களின் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அவர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரை நோய்களை மூவகையாகப் பிரிக்கிறது: தோலின் அமைப்பைக் குலைப்பவை, நிறத்தை மட்டும் மாற்றுபவை, இரண்டையும் செய்பவை. நிற மாற்றம் ஒளிவழிக் கருவிகளையும், விரல் உயிருள்ளதா எனச் சோதிக்கும் ஏற்பாட்டையும் தடுமாறச் செய்யலாம். அமைப்பின் குலைவு எல்லாக் கருவிகளையும் பாதிக்கும்.

இவ்வறிவைச் செயற்கைப் பதிவின்மேல் ஏற்றுவது அடுத்த படி. மருவுக்கு வட்டமான வெண்பரப்பு. கரப்பானுக்கு மேடுகளை வெட்டும் ஒழுங்கற்ற வெண்கோடுகளும் கலங்கிய திட்டுகளும். இடம், பரப்பு, கடுமை ஆகியன மாறத்தக்க அளவுகள். ஒரே செயற்கை விரலின் நலமான பதிவைச் சேர்க்கைப் பதிவாகக் கொண்டு, படிப்படியாக நோய் கூட்டிய பதிவுகளை அதனோடு ஒப்பிட்டால், மதிப்பெண் எந்நிலையில் ஏற்பு வரம்புக்குக் கீழே வீழ்கிறது என்பது தெரியும். வரம்பைத் தாழ்த்துவது எளிய தீர்வாகத் தோன்றலாம். எனினும் அது பிறர் விரலையும் ஏற்கும் வாய்ப்பைக் கூட்டும். நோயுற்ற பகுதியைக் கண்டறிந்து, அங்குள்ள குறிகளைக் கணக்கில் கொள்ளாது விடுவதே பொருத்தமான வழி.

எச்சரிக்கையும் தேவை. ஊட்டிய அறிவுக்கு மேல் உருவகம் எதையும் தராது. மருத்துவமனையில் எடுத்த பதிவுகளைக் கொண்டு அமைத்த மாதிரி, தேயிலைக் கறையும் காய்ப்பும் ஏறிய விரலை அப்படியே பிரதிபலிக்கும் எனக் கொள்ளலாகாது. தோட்டப் பகுதிகளில், ஒப்புதலுடன், மருத்துவர் துணையோடு எடுக்கும் பதிவுகளே அதனைச் சரிபார்க்கும் உரைகல்.

அதுவரை கடையில் நிற்பவருக்கு மாற்று வழி வேண்டும். கைரேகை பொருந்தாத நிலையில் கருவிழிப் பதிவு, அலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் முதலியவற்றைப் பயன்படுத்துமாறு மத்திய அமைச்சரவைச் செயலகம் 2017 டிசம்பர் 19இல் அறிவுறுத்தியது. ஆதார்ச் சேர்க்கையிலும், விரல் ரேகை தர இயலாதவரைக் கருவிழியை மட்டும் கொண்டு சேர்க்கலாம். ஆயினும் ஏலமலைச் சரிவுகளில் அலைபேசிக்கு அலை கிட்டாத இடங்கள் உண்டு. அங்கே கடவுச்சொல் வருவதற்குள் ஜீப்பு புறப்பட்டுவிடக்கூடும். கருவிழிக் கருவி எந்தக் கடையில் முதலில் வேண்டும் என்பதை வகுக்கும்போது தோட்டங்களை அடுத்த கடைகளை முன்னே வைப்பது வட்ட வழங்கல் அலுவலர் கவனிக்கத் தக்கது.