கூச்சலுக்குப் பக்கத்தில் ஒரு குளம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ “சரி அத்தை, சரி அத்தை” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது. அதனால் கடிதம்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கொய்ஷிகாவா கோராக்குஎன் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். படங்களுக்குக் கீழே இருந்த புலம்பலையும் படித்தேன். சிவந்த மேப்பிள் இலைகளைவிட மனிதத் தலைகள்தான் அதிகமாம். பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டரிலிருந்து ஓயாத அலறலாம். எந்தப் பக்கம் படம் எடுத்தாலும் டோக்கியோ டோமின் வெள்ளைக் கூரை வந்து நிற்கிறதாம். “இதற்கா அத்தை அவ்வளவு சொன்னீர்கள்?” என்று கேட்டிருக்கிறாய்.

நீ சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அந்தக் கூரை கவிழ்த்த பெரிய இட்லி மாதிரி மரங்களுக்கு மேலே உப்பிக்கொண்டு நிற்பதை, அங்கே இருந்த நாட்களில் நானும் எத்தனையோ தடவை பார்த்து எரிச்சல்பட்டவள்தான். எனக்குக் குறை நீ போன காரியத்தில். வாரம் முழுக்க டோசாய் ரயிலில் நசுங்குகிறாய். இரவு வெகுநேரம் வரை ஆபீஸ் கால். ஞாயிற்றுக்கிழமை வாசலில் 300 யென் கொடுத்தால் உள்ளே யாரோ நிம்மதியைப் பொட்டலம் கட்டித் தருவார்கள் என்று நம்பிப் போயிருக்கிறாய். அங்கே அப்படி யாரும் இல்லை. அங்கே இருப்பது ஏறக்குறைய 400 வருடமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலைப்பாடு. அதைப் பார்ப்பதற்கென்று ஒருமுறை போ. நிம்மதி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

முதலில் அந்த இரைச்சலின் கதை. 1629இல் தொகுகாவா குடும்பத்தின் மிட்டோ கிளையைத் தொடங்கிய யொரிஃபுசா, எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருந்த தன் மாளிகையோடு சேர்த்து இந்தத் தோட்டத்தைப் போட ஆரம்பித்தார். அவர் மகன் மிட்சுகுனி முடித்தார். மெய்ஜி காலத்தில் பிரபுக்களின் நாள் முடிந்ததும் மாளிகை நிலம் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. அங்கே ஆயுதத் தொழிற்சாலை வைத்தார்கள். சுற்றிலும் புகைபோக்கியும் உலையும் இயந்திரமும், நடுவே இந்தக் குளம். 1923இல் வந்த பூகம்பத்தில் தொழிற்சாலை சேதமாகி, பின்னால் கொக்குராவுக்கு இடம் மாறியது. காலியான நிலத்தில் 1937இல் பேஸ்பால் மைதானம் வந்தது. அதற்கு வாரிசாக 1988இல் திறந்ததுதான் உன் படங்களைக் கெடுத்த டோம். ஆக, அந்தக் குளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடங்கி இருந்து பழக்கமே இல்லை. துப்பாக்கி செய்கிற சத்தத்துக்கு ரோலர் கோஸ்டர் சத்தம் எவ்வளவோ மேல் என்பேன். அலறுகிறவர்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று, ஆசையாக அலறுகிறார்கள்.

அடுத்து, எந்த வாசல் வழியாகப் போகிறாய் என்பது. நீ ஈடாபாஷியில் இறங்கி மேற்கு வாசலில் நுழைந்து, அங்கிருந்து நேராகக் குளத்தங்கரைக்குப் போயிருப்பாய். எல்லாரும் செய்வது அதுதான். ஆனால் தோட்டம் போட்டவர்கள் விருந்தாளியை வரவழைத்த வழி வேறு. கிழக்குப் பக்கத்தில் ஓர் உள்தோட்டம் இருக்கிறது. அதையும் பெரிய தோட்டத்தையும் பிரிக்கும் கராமோன் என்ற வாசல் போர்க்கால விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோய், 2020இல்தான் திரும்ப எழுப்பப்பட்டது. அந்த வாசலைத் தாண்டினால் உடனே குளம் தெரியாது. கிசோ மலைப் பாதையை நினைத்து அமைத்த இருண்ட மரக்கூட்டத்துக்குள் கொஞ்சதூரம் நடக்கவேண்டும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்து முன்னால் விரியும். குளம் நேரே தெரிந்தால் அது வெறும் குளம். இருட்டுக்குப் பிறகு தெரிந்தால் கால் தானாக நின்றுவிடும். ஆகவே ஈடாபாஷியில் மாறி, சோபு ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய் சுய்தோபாஷியில் இறங்கு. அங்கிருந்து கிழக்கு வாசல் நடக்கிற தூரம்தான்.

உள்ளே எந்த இடத்தில் நின்றாலும் முழுத் தோட்டமும் கண்ணில் படாது. படக்கூடாது என்றே மேட்டையும் மரத்தையும் வளைவையும் வைத்திருக்கிறார்கள். நடுக்குளம் பிவா ஏரியை நினைத்து வெட்டியது. குட்டை மூங்கில் போர்த்திய உருண்டைக் குன்று சீனாவின் லூஷான் மலை. கூழாங்கல் பரப்பில் ஓடுகிற சிற்றாறு கியோட்டோவின் ஓய் ஆறு. அந்நாளில் இதற்கெல்லாம் தண்ணீர் எடோவுக்குக் குடிநீர் கொண்டுவந்த கண்டா கால்வாயிலிருந்து வந்தது. மிட்சுகுனி யாரென்று தெரிகிறதா? 1969 முதல் 2011 வரை டிவியில் ஓடிய ‘மிட்டோ கோமோன்’ தொடரில் மாறுவேடத்தில் ஊர் ஊராகச் சுற்றி அநியாயத்தைத் தட்டிக்கேட்கிற தாத்தா இவர்தான். ஜப்பானிய மொழி பழகுவதற்காக நான் அதை விடாமல் பார்த்தேன். நிஜ மிட்சுகுனி அப்படியெல்லாம் நாடு சுற்றவில்லை என்பது பிறகு தெரிந்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஏரியையும் மலையையும் ஆற்றையும் வரவழைத்துக்கொண்டவருக்கு வெளியே போகவேண்டிய அவசியம் என்ன?

நடக்கும்போது கீழேயும் பார். பாதைக் கற்கள் ஒரே மட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்காது. அங்கே போன் பார்த்துக்கொண்டு நடந்தால் தடுக்கும். கல் சிறிதாக இருக்கும் இடங்களில் கண் காலடியை விட்டு அகலாது, நடையும் தானே மெதுவாகும். வழி பிரிகிற இடத்தில் மட்டும் ஒரு பெரிய கல்லை வைப்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் வழக்கம். அதன்மேல் இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம். நின்றதும் தலை நிமிரும், நிமிர்ந்த கண்ணுக்கு எது படவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ அது படும். எங்கே குனியவேண்டும், எங்கே நிமிரவேண்டும் என்று ஒரு பலகைகூட இல்லாமல் நம்மை நடத்திவிடுகிறார்கள். சில தோட்டங்களில் கறுப்புக் கயிறு கட்டிய உருண்டைக் கல் ஒன்று பாதையின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். இதற்கு மேல் போகாதே என்று அர்த்தம். ஊருக்கு வந்தபிறகு ‘உள்ளே வராதே’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதிய சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

வட்டப் பாலத்தைப் பார்த்தாயா? உன் படங்களில் இல்லை. கல்லால் கட்டிய அரைவட்ட வளைவு அது. தண்ணீரில் விழுகிற நிழலோடு சேர்ந்தால்தான் முழுவட்டம். அதை வடிவமைத்தவர் ஷு ஷுன்சுய் என்ற சீன அறிஞர் என்பார்கள். சீனாவில் மிங் அரசு விழுந்தபிறகு, புதிய ஆட்சியை ஏற்க மனமில்லாமல் அலைந்து, 1659இல் நாகசாகியில் வந்து தங்கியவர். அவரை 1665இல் மிட்சுகுனி எடோவுக்கு அழைத்துக் குருவாக வைத்துக்கொண்டார். ஊர் திரும்பாமலேயே 1682இல் காலமானார். அதே தோட்டத்தில் ஹாங்சோவின் மேற்கு ஏரிக் கரையைப் போல ஒரு கரையும் இருக்கிறது. ஹாங்சோ அவருடைய சொந்த மாகாணத்து ஊர். அந்தக் கரையில் நடக்கும்போது அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. வேற்றூரில் வேலை பார்க்கிறவள் நீ, உனக்கே தெரியும்.

பின்பக்கத்தில் ஒரு நெல்வயல் இருக்கிறது. பிரபுவின் தோட்டத்தில் வயல் எதற்கு? மிட்சுகுனி தன் வாரிசுக்கு வாய்த்த மனைவி உழவர்களின் பாடு என்னவென்று அறியவேண்டும் என்று போடவைத்தாராம். டெல்டாக்காரியான எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நம் ஊரில் அதை நாற்றங்கால் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அதோடு, மாமனார் காட்டிய வயலை வரப்பில் நின்று பார்த்த மருமகள் சேற்றைப் பற்றி என்ன கற்றிருப்பாள்? கால் உள்ளே வைத்தால்தானே தெரியும். ஆனால் அந்த வயல் வீண் என்று சொல்லமாட்டேன். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருடாவருடம் மே மாதம் அங்கே நடவு நட்டு, செப்டம்பரில் அறுக்கிறார்கள். மருமகளுக்காக வெட்டிய சேற்றில் இந்தப் பிள்ளைகளாவது இறங்கினார்களே.

போன மாதம் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். உன்னைப் புதிய புராஜெக்டில் போடாமல் மெயின்டனன்சில் போட்டுவிட்டார்கள், யாரோ எழுதிய பழைய கோடுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதே பிழைப்பாகிவிட்டது என்று. அதற்கு அப்போதே பதில் எழுத நினைத்தேன். அடுத்தமுறை போகும்போது பைன் மரத்தடியில் ஏணி போட்டு வேலை செய்கிறவர்களைப் பார். வசந்தத்தில் புதுத் தளிர்களை விரலால் கிள்ளுவார்கள். இலையுதிர்காலத்தில் பழைய ஊசியிலைகளைக் கையால் உருவுவார்கள். ஒரு மரத்தில் ஏறினால் நெடுநேரம் இறங்கமாட்டார்கள். அடுத்த வருடம் அதே மரம், அதே வேலை. விட்டுவிட்டால் சில வருடங்களில் அந்த மரம் சாதாரண மரமாகிவிடும். பூகம்பத்தில் ஒருதடவை சிதைந்து, போரில் இன்னொரு தடவை எரிந்து, இன்றைக்கும் அது மிட்சுகுனியின் தோட்டமாக இருக்கிறது என்றால் இவர்கள் கைதான் காரணம். மரத்தை நட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, உருவுகிறவர் பெயர் எங்கேயும் இல்லை. இதை உன் வேலையோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்கிறாயா? நினைத்துக்கொள்.

எப்போது போவது? பேர்போன நாளில் போகாதே. மே 4, அக்டோபர் 1 இரண்டு நாளும் அனுமதி இலவசம். இலவசம் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டாம். செர்ரிக்கும் மேப்பிளுக்கும் ஊரே வரும். பிப்ரவரியில் பிளம் பூக்கும்போது போகலாம். மிட்சுகுனிக்குப் பிடித்த மரம் அது, வாசனை உண்டு. ஜூனில் மழையோடு போனால் வயல் பக்கத்தில் ஐரிஸ் பூத்திருக்கும், குடைகளும் குறைவு. என்னைக் கேட்டால் ஜனவரிதான். ஒன்றும் பூக்காது. இலையில்லாத கிளைகளுக்கு நடுவே நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் வெளியே தெரியும், எதை எதற்காக மறைத்திருக்கிறார்கள் என்று புரியும். டோக்கியோவில் பனி கொட்டுவது அபூர்வம். இருந்தாலும் சில தோட்டங்களில் பைன் கிளைகள் பனிப்பாரத்தில் ஒடியாமலிருக்க, உச்சியிலிருந்து கூம்பாகக் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அழகுக்காகத்தான் முக்கால்வாசி. அதற்காக அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஈடாபாஷி தூரம் என்று சோம்பலாக இருந்தால் கியோசுமி தோட்டம் உனக்குப் பக்கம். நிஷி-கசாயிலிருந்து மொன்சென்-நகாச்சோ போய், ஓஎடோ லைனில் ஒரே ஸ்டேஷன். மிட்சுபிஷியைத் தொடங்கிய இவாசாகி குடும்பம் தன் கப்பல்களில் நாடு முழுவதிலிருந்தும் கல் கொண்டுவந்து குவித்த தோட்டம் அது. குளத்து ஓரமாகத் தண்ணீருக்குள்ளேயே கல்மேல் கல்லாகத் தாண்டிப் போகலாம். 1923 பூகம்பத் தீயில் அந்தப் பக்கம் முழுக்க எரிந்தபோது, உள்ளே ஓடிவந்து பிழைத்தவர்கள் ஏராளம். எனக்கு அது பணக்காரத்தனமாகப் படும். கல்லைப் பார் கல்லைப் பார் என்கிற தோட்டம். ஆனாலும் நல்ல தோட்டம்தான்.

ஒரே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போ. டோக்கியோவில் இருக்கிற எல்லாத் தோட்டத்தையும் பட்டியல் போட்டு முடித்துவிடவேண்டும் என்று கிளம்பாதே. வருட அட்டை கொடுக்கிறார்கள், சில முறை போனாலே போட்ட காசு தேறிவிடும். முதல் இரண்டு தடவையாவது தோழிகள் இல்லாமல் தனியாகப் போ. போட்டோ எடுப்பதென்றால் திரும்பி வரும்போது எடு.

டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை மூடியிருக்கும். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போய் நில். காதை மூடிக்கொள்ள ஏதாவது எடுத்துக்கொள், குளத்துக் காற்று காதைத்தான் முதலில் பிடிக்கும். வட்டப் பாலம் முழுவட்டமாகத் தெரிந்ததா, காற்று கலைத்துவிட்டதா என்று எழுது. உன் அம்மாவிடம் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கொடுத்திருக்கிறேன். பார்சல் வந்ததும் நார்த்தங்காயை ஃபிரிட்ஜில் வைத்துவிடாதே, வெளியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தை