உணவிலுள்ள ஆக்ஸிஜனேற்றத் தடைப் பொருள்களும் நீரிழிவு நோயும்

இந்தியப் பெருநகரங்களில் நீரிழிவு நோய் அரிதான ஒன்றன்று. டில்லியிலும் சென்னையிலும் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்துத் திரட்டிய விவரங்களைக் கொண்டு ஒரு கணிப்பு 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெருநகரில் வாழும் இருபது வயது ஆடவருள் 55.5 சதவீதத்தினருக்கும், பெண்டிருள் 64.6 சதவீதத்தினருக்கும் வாழ்நாளில் இந்நோய் தோன்றக்கூடும் என்று அது கூறுகிறது. ஆகவே, இந்நோயைத் தடுக்க அன்றாட உணவு எவ்வளவு தூரம் துணைபுரியும் என்பது ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரிய கேள்வியாகும்.

உடலின் உயிரணுக்கள் உணவை எரித்துச் சக்தி பெறும்போது, வினைவேகம் மிகுந்த சில ஆக்ஸிஜன் பொருள்கள் உண்டாகின்றன. இவை அளவு மீறினால் உயிரணுக்களைச் சேதப்படுத்தும். இன்ஸுலினைச் சுரக்கும் கணைய அணுக்களில் இவற்றைச் சிதைக்கும் என்சைம்கள் சில குறைவாகவே உள்ளன. ஆதலின் அவ்வணுக்கள் எளிதில் கேடுறுகின்றன. இக்கேட்டைத் தணிக்க வல்லவையே ஆக்ஸிஜனேற்றத் தடைப் பொருள்கள். வைட்டமின் ஸி, வைட்டமின் ஈ, காரட்டின் நிறப்பொருளான கரோட்டீன், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இப்பொருள்கள் நிறைந்த உணவை உண்போருக்கு நீரிழிவு குறைவாகவே தோன்றுகிறதா? பிரான்ஸ் நாட்டில் 64,223 பெண்களை 1993 முதல் 2008 வரை கவனித்ததில், இவற்றை மிகுதியாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் அபாயம் 27 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் உண்பதால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

அவ்வாறாயின் இப்பொருள்களை மாத்திரையாக விழுங்கினால் போதாதா? அமெரிக்காவில் வைட்டமின் ஸி, வைட்டமின் ஈ, கரோட்டீன் ஆகியவற்றை மாத்திரைகளாகப் பல ஆண்டுகள் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2009-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவை நீரிழிவைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. அதே ஆண்டில் முடிவு வெளியான, ஜெர்மனியில் நடந்த ஒரு சிறு சோதனை வேறோர் உண்மையைச் சுட்டியது. தேகப் பயிற்சி செய்வோரின் உடல் இன்ஸுலினை நன்கு பயன்படுத்தத் தொடங்குகிறது; ஆனால் வைட்டமின் ஸி, ஈ மாத்திரைகளை உட்கொண்டவர்களிடம் அந்த நன்மை தோன்றவில்லை. சிறிதளவில் உண்டாகும் ஆக்ஸிஜன் பொருள்கள் உடலுக்குத் தேவையான சைகைகளாகவும் பயன்படுகின்றன என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

காய்கறிகளிலும் பழங்களிலும் இப்பொருள்கள் தனித்து இருப்பதில்லை. நார்ச்சத்தும், மக்னீசியம் போன்ற உப்புகளும் உடன் உள்ளன. மேலும், காய்கறியை மிகுதியாக உண்போர் பொதுவாக வேறு நற்பழக்கங்களையும் உடையவர்களாக இருக்கலாம். எனவே பிரெஞ்சு ஆய்வில் கண்ட நன்மை முழுவதையும் ஒரு பொருளுக்கே உரித்தாக்குவது பொருந்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் வேண்டும் என்கின்றன. டில்லியில் குளிர்காலத்தில் இவ்வளவைப் பெறுவது அத்தனை கடினமன்று. அப்போது சந்தைகளில் சிவப்புக் காரட், பசலைக்கீரை, கடுகுக்கீரை, கொய்யா, நெல்லிக்காய் ஆகியன குவிகின்றன. கொய்யாவில் வைட்டமின் ஸி ஆரஞ்சைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் அதே காரட்டைச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து அல்வாவாக்கி மிகுதியாக உண்டால், கருதிய பயன் கைகூடாது. பழத்தைப் பிழிந்து சாறாக்கினால் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். கீரையை வேகவைத்த நீரைக் கொட்டினால் வைட்டமின் ஸி அதனுடன் வீணாகும்.

ஏற்கெனவே நோயுற்றவர்களுக்குக் காய்கனிகள் மருந்துக்கு ஈடாகமாட்டா. அவர்கள் மருத்துவரின் யோசனையின்றி மருந்தை நிறுத்தலாகாது. மற்றவர்கள் தடுப்பு மாத்திரைக்குச் செலவிடும் பணத்தைக் காய்கறிக் கூடைக்குச் செலவிடுவதே அறிவுடைமையாகும்.