மருந்துத் தானமும் காலமும்

தானத்தை உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நான்காகப் பகுத்து வைத்தனர் நம் முன்னோர். இவற்றுள் மருந்துத் தானத்தை இன்று பலரும் பொருளுதவி என்ற அளவிலேயே கொள்கின்றனர். மருத்துவமனைக்குக் கட்டில் வாங்கித் தருவதும், ஏழை நோயாளியின் மருந்துச் செலவை ஏற்பதும் போற்றத்தக்கனவே. எனினும் பொருளால் மட்டும் நிறைவெய்தாத பகுதி ஒன்று மருத்துவத்தில் உண்டு. அது தொண்டரையும் அவர் வந்துசேரும் காலத்தையும் சார்ந்தது. அதனைக் கடையநல்லூர் வட்டாரத்து உழவர் வாழ்வை முன்வைத்து ஆராய்வோம்.

உமியும் கருவிழியும்

கடையநல்லூர், தென்காசிக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர். 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. கதிரடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் உமியோ, வைக்கோல் துணுக்கோ, தாளின் நுனியோ கண்ணில் படுவது உழவர்க்குப் புதிதன்று. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வர். ஆனால் கருவிழியின் மேற்படலம் கீறப்பட்டிருந்தால், அக்கீறலின் வழியே நுண்கிருமிகளும் பூஞ்சைகளும் உட்புகுகின்றன. சில நாட்களில் அது புண்ணாகிறது. புண் ஆறினும் வெண்தழும்பு எஞ்சிப் பார்வையை மறைக்கிறது. தென்னகத்தில் கருவிழிப் புண்களுள் பெரும்பங்கு பூஞ்சையால் வருவது. அதனைக் குணப்படுத்துவது எளிதன்று.

இதனிடையே தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் இலைச்சாறும் கண்ணில் விடப்படுகின்றன. இவை அன்பினால் செய்யப்படுவன; ஆயினும் கிருமியைச் சேர்க்கவும் காலத்தைக் கடத்தவும் காரணமாகின்றன. மருத்துவரைக் காணாது கடையில் வாங்கி விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, பூஞ்சைப் புண்ணை மேலும் பரப்பக்கூடியது.

நேபாளம் தந்த பாடம்

இத்துன்பத்தைத் தடுக்க இயலுமா? நேபாள நாட்டின் பக்தபூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. அதன் முடிவுகள் 2001-இல் வெளியாயின. பயிற்சி பெற்ற 81 கண்நலப் பணியாளர்கள் ஏறத்தாழ 35,000 மக்களை இரண்டாண்டுக் காலம் கவனித்து வந்தனர். கண்ணில் அடிபட்டோரை இவர்கள் அங்குள்ள கண் மையங்களுக்கு அனுப்பினர். அங்கே கருவிழியில் கீறல் உறுதியாயின், குளோரம்பெனிகால் என்னும் களிம்பு நாளொன்றுக்கு மூன்று வேளை, மூன்று நாட்கள் இடப்பட்டது.

அடிபட்ட 48 மணி நேரத்துக்குள் இவ்வாறு மருந்து பெற்றோர் 442 பேர். அவர்களுள் 424 பேருக்குப் புண் ஏற்படாமலே கண் ஆறிற்று. எஞ்சிய 18 பேரின் கணக்கை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். 18 மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற 284 பேருள் ஒருவருக்கும் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேருள் நால்வருக்கு வந்தது. அதற்கும் பின்னர் வந்த 49 பேருள் 14 பேருக்கு வந்தது. மருந்து ஒன்றே, கொடுத்த முறையும் ஒன்றே. வேறுபட்டது காலம். விலை மலிந்த ஒரு களிம்பு பார்வையைக் காத்தமைக்குக் காரணம், நோயாளியைக் காலத்தே கண் மையத்துக்கு அனுப்பும் தொண்டர் அண்மையில் இருந்தமையே.

வந்து சென்றவரும் விட்டுச் சென்றதும்

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வேங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியபோதும் கண் அறுவை மருத்துவம் பயின்றவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் திருநெல்வேலிக் கிளை 1988-இல் தோன்றியது. அதன் கண் முகாம்களில், இடம் ஏற்பாடு செய்தல், ஊர்தோறும் அறிவித்தல், முதியோரை அழைத்து வருதல் ஆகியவற்றை உள்ளூர்த் தொண்டர்கள் ஏற்கின்றனர். பரிசோதனையும் அறுவையும் பயின்றவர் பொறுப்பு. இப்பகுப்பு சிறப்புடையது.

அயல்நாட்டிலிருந்தும் பலர் இங்கு வந்து பணிபுரிந்துள்ளனர். 1978-இல் அமெரிக்காவில் தொடங்கிய சேவா அறக்கட்டளையின் துணையும், டேவிட் கிரீன் போன்றோரின் உழைப்பும், 1992-இல் மதுரையில் அரோலேப் தொழிற்கூடம் அமைய உதவின. கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி வில்லைகள் அங்கேயே குறைந்த விலையில் செய்யப்பெற்றன. வந்தவர் ஊர் திரும்பியபின்னும் அவர் சேர்த்த திறன் இங்கே நின்றது.

இதற்கு மாறான தொண்டும் உண்டு. தம் நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை, வறிய நாட்டு மருத்துவமனையில் "பயிற்சிக்காக" செய்து பார்க்கும் மாணவர் உளர். வறியவர் உடல் பயில்களம் அன்று. பிற உயிர்க்குத் தீங்கு நேராமை காப்பதே நம் அறத்தின் முதற்படியாதலின், அறியாமையால் நேரும் தீங்கையும் நாம் தீங்கென்றே எண்ண வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஒன்று: அறுவடை தொடங்குமுன் உழவர்களிடம் சென்று, கண்ணில் அடிபட்டால் கசக்காமலும் எதனையும் ஊற்றாமலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுமாறு உரைத்தல்.

இரண்டு: வண்டிக் கூலியும் ஒரு நாட் கூலி இழப்பும் பலரைத் தாமதிக்கச் செய்கின்றன. அச்செலவை ஏற்பதும், அடிபட்டவருடன் கடையநல்லூர் அரசு மருத்துவமனைக்கோ, தேவைப்படின் திருநெல்வேலிக்கோ துணை செல்வதும் மருந்துத் தானமே.

மூன்று: பயிற்சி பெறாதவர் மருந்திடல் கூடாது. பக்தபூர்த் தொண்டர்களும் பயின்ற பின்னரே தம் பணியில் இறங்கினர்; மருந்திடுவதைக் கண் மையங்களுக்கே விட்டனர். பயில விழையும் இளைஞர் முறையான கண்நலப் பயிற்சியில் சேர்வது நலம்.

தானம் கொடுப்போர் மறுநாள் தருவோம் என்று ஒத்தி வைப்பதுண்டு. கீறல் பட்ட கண்ணுக்கு அந்த மறுநாள் காலங்கடந்ததாகிவிடக் கூடும். வரும் அறுவடைக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குவோம்.