திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

கொக்குவிலில் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டால் சனம் கேட்கும் கேள்விகள் மூன்றுதான்: ஏ.எல். றிசல்ற் என்ன? எங்கே வேலை? எப்ப வெளிநாடு? இவற்றுக்கு நல்ல பதில் வைத்திருப்பது பாவமல்ல. ஆனால் நீங்கள் வாக்குக் கொடுத்திருப்பது கர்த்தருக்கு. அவருடைய கேள்வி வேறு.

1. விசுவாசத்தைச் சோம்பலுக்குச் சாட்டாக்காதேயுங்கோ. தாலந்து உவமையில் ஐந்து தாலந்துக்காரனுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றே. குற்றவாளியானவன் புதைத்து வைத்தவன் மட்டுமே. மூன்று ஏ எடுத்த பிள்ளையும் மூன்று எஸ் எடுத்த பிள்ளையும் அதே பாராட்டைக் கேட்கலாம்.

2. எங்கள் ஊர்ச் சுருட்டுக் கொட்டில்களில் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எத்தனை சுருட்டோ அத்தனைக்குக் காசு. அந்தக் கணக்கில் பழகியவர்களுக்குத் திராட்சைத் தோட்டத்து உவமை கசக்கும்: மாலையில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி! கசந்தாலும் விடாமல் வாசியுங்கோ. கிருபையை எண்ணிக் கட்ட முடியாது.

3. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்” என்பது, அரசாங்க உத்தியோகமே மேல் என்று நம்பிய எங்கள் முன்னோரின் வேதவாக்கு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியை அமெரிக்க மிஷன் 1855இல் மூடியது. பிள்ளைகள் உத்தியோகத்துக்காகவே ஆங்கிலம் படிக்க வருகிறார்கள், மனந்திரும்புவோர் குறைவு என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. ஆனால் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்தான். தமிழுக்கு அவர் செய்ததை எந்த ஞானஸ்நானப் பதிவேடும் காட்டாது. தலை எண்ணுவதும் உலகக் கணக்கே. அதில் சபையும் தடுக்கி விழும்.

4. பக்கத்து மானிப்பாயைப் பாருங்கோ. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவ நூல்களை ஆக்குவித்து, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்குவதில் முன்னின்ற பெரிய மனிதர். 1884இல் இறந்த தம்பியின் கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறித்திருக்கிறார்கள். அவர் விரும்பிக் கேட்ட பட்டம் அதுதான்.

5. விசா கிடைத்தால் சாட்சி சொல்ல எழும்பாத ஆளில்லை. சொல்லுங்கோ, ஆனால் விசா மறுக்கப்பட்டவனும் பின்வாங்கில் இருக்கிறான் என்பதை நினையுங்கோ. உங்களுக்குக் கிடைத்தது ஆசீர்வாதமென்றால் அவனுக்குக் கிடைத்தது சாபமா? யோபுவின் சிநேகிதர் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். கடவுளிடம் ஏச்சும் வாங்கினார்கள்.

6. வெளிநாட்டுக் காசில் மின்விசிறி பூட்டினால் இறக்கையில் கொடையாளியின் பெயர் சுற்றும். ஞாயிறு விடியமுன் வந்து கோயில் கூட்டும் அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. காணிக்கைப் பெட்டியடியில் இருந்து ஏழை விதவையைக் கண்டுபிடித்த இயேசு, இங்கு வந்தால் யாரை முதலில் பார்ப்பார்?

7. சனி இரவில் உங்களையே கேளுங்கோ: கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்தேனா? இல்லாத ஆளைப் பற்றி என்ன கதைத்தேன்? வேலி அடைக்கும்போது கதியாலைப் பக்கத்து வளவுக்குள் தள்ளி நட்டேனா? தள்ளி நட்டிருந்தால் முதலில் அதைப் பிடுங்கி எல்லையில் நட்டுவிட்டு, பிறகு ஆராதனைக்கு வாருங்கோ.