தொளியில் டிராக்டர்: கிளட்ச் பழகும் முறை

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகத்திற்கும் தொளியடிக்க டிராக்டர் பயன்படுகிறது. புதிதாக ஓட்டப் பழகுவோர் முதலில் காய்ந்த தரிசு நிலத்தில் கிளட்சைப் பழகிக் கொள்ள வேண்டும். மிதியை முழுவதும் அழுத்திக் கியரைப் போட்டபின், சக்கரம் இழுக்கத் தொடங்கும் இடத்தைக் கால் உணருமாறு மெல்ல விட வேண்டும். வண்டி நகர்ந்தபின் கால் மிதியில் இருக்கலாகாது. கிளட்ச் தட்டு உராய்ந்து, சூடேறித் தேய்ந்துவிடும். மிதியில் காலை ஓய்வாக வைக்கும் பழக்கம் அனுபவசாலிகளிடமும் உண்டு!

தட்டு தேய்ந்தால் மாற்றலாம். தொளியில் வரும் ஆபத்து வேறு. பின்சக்கரம் புதைந்து சுழல முடியாதபோது, எஞ்சினின் விசை வண்டியின் முன்பாகத்தையே மேலே தூக்கும். முன்சக்கரம் எழுந்த கணமே கிளட்சை முழுவதும் அழுத்த வேண்டும். ஓரிரு நொடி தாமதித்தாலும் வண்டி பின்புறமாக ஓட்டுநர் மேல் கவிழக்கூடும். புதைந்த சக்கரத்தில் மரத்தடியைக் கட்டி முன்னோக்கி ஏற்றுவது மிகவும் ஆபத்தானது. தடி சிக்கிச் சக்கரம் நின்றால் இதுவே நேரும். பின்கியரில் மெதுவாக வெளியே எடுத்துப் பார்க்கலாம். இயலாவிடில் வேறு டிராக்டர் கொண்டு இழுக்க வேண்டும். உயர்ந்த வரப்பையும் பின்கியரில் ஏறுவதே நல்லது.