‘கேல்’ பொத்தானை அழுத்துவதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

நாகப்பட்டினம் கடலோரக் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கும் வேலையில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். பிஎச்சும் ஈசியும் (மின்கடத்துத்திறன்) பார்க்கிற கைமீட்டர் ஒன்றைக் கொடுத்து, “தினமும் காலையில் காலிபரேட் பண்ணிவிட்டுக் கிளம்பு” என்று சொன்னார்களாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார்கள்.

மீட்டரை ஆன் செய்ததும் விரல் தானாக ‘கேல்’ பொத்தானுக்குப் போகும். போகவிடாதே. முதலில் 7.00 பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) ப்ரோபை விட்டுச் சும்மா அளந்து பார். என்ன வருகிறதோ அதை நோட்டில் எழுது. 4.01 பஃபரிலும், ஈசிக்கான 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலிலும் அப்படியே செய். அதற்குப் பிறகு திருத்து. பொத்தானை அழுத்திய நொடியில் மீட்டர் தன் பழைய பிழையை மறந்துவிடும். நேற்று நீ சுற்றிவந்த கிணறுகள் அத்தனையும் அந்தப் பிழையோடு அளந்தவை. தினமும் காலையில் கடிகாரத்து முள்ளைச் சரியாக நகர்த்தி வைக்கிறவருக்கு, அது நாளுக்கு எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று எப்போதும் தெரியவராது. உன் நோட்டில் அது தெரிய வேண்டும்.

இன்னொன்று: கொடுக்கிற கரைசல் எதுவோ அதற்கு மீட்டர் தலையாட்டும். கரைசல் கெட்டிருந்தால் கெட்டதற்கும் தலையாட்டும். 10.01 பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். திறந்த தேதியைப் பாட்டிலின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடு. தேவையானதைச் சின்னக் கப்பில் ஊற்றிக்கொள். மிச்சத்தைப் பாட்டிலுக்குத் திருப்பாதே, கீழே கொட்டு. “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் கொட்டுகிறாயே” என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். பஃபர் பாட்டிலை ஜீப்பின் டேஷ்போர்டில் வெயிலில் வைக்காதே. 25 டிகிரியில் 10.01 உள்ள கரைசல் 35 டிகிரியில் 9.9 பக்கம் வந்துவிடும். வெப்பநிலைக்கு ஏற்ப பஃபர் எப்படி மாறும் என்ற அட்டவணை நல்ல மீட்டர்களுக்குள் இருக்கிறது, மலிவானவற்றில் இருக்காது. உன்னுடையது எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்துவிடு.

பிஎச் எலக்ட்ரோடு நல்ல நிலையில் இருந்தால் 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட் தரும். அதில் எத்தனை சதவீதம் தருகிறது என்பதுதான் ஸ்லோப். 95க்கு மேல் இருந்தால் நிம்மதி. 90க்குக் கீழே போனால் சுத்தம் செய்து பார். அப்படியும் ஏறாவிட்டால் புதியது கேள். உன் மீட்டர் ஸ்லோப்பைக் காட்டாவிட்டாலும் கவலையில்லை, நீயே கணக்குப் போடலாம். 7.00இல் மட்டும் திருத்திவிட்டு 4.01இல் அளக்கிறாய், 4.25 காட்டுகிறது என்று வைத்துக்கொள். இடைவெளி 2.99 இருக்க வேண்டும், 2.75தான் இருக்கிறது. ஸ்லோப் 92. இரண்டு வாரம் இதை எழுதிக்கொண்டே வந்தால், எலக்ட்ரோடு எப்போது சாகப்போகிறது என்று அதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும். ஜெல் நிரப்பிய எலக்ட்ரோடுகள் எவ்வளவு கவனித்தாலும் ஓரிரு வருடம்தான்.

பிஎச் என்ற அளவை 1909இல் டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்தில் சோரன்சன் கொண்டுவந்தார். கையோடு எடுத்துப்போகிற மீட்டருக்கு அதன் பிறகும் கால் நூற்றாண்டு ஆனது. கலிபோர்னியாவின் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த நண்பருக்காக 1934இல் அர்னால்ட் பெக்மன் ஒரு கருவி செய்தார். கண்ணாடி எலக்ட்ரோடு அதற்கு முன்பே இருந்தது. அந்தக் கண்ணாடியின் மின்தடை பல கோடி ஓம். அதன் வழியே வருகிற மிகச் சிறிய மின்சாரத்தைச் சாதாரண கால்வனாமீட்டரால் பிடிக்க முடியவில்லை. வெற்றிடக் குழாய் பெருக்கியை வைத்துப் பெக்மன் அதைப் பிடித்தார். இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் கைமீட்டரிலும் நிலைமை அதேதான். உப்புக் காற்றில் எலக்ட்ரோடு கேபிளின் கனெக்டரில் மெல்லிய ஈரம் படிந்தால் போதும், அந்தச் சிறிய மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். எந்த பஃபரில் விட்டாலும் 7ஐ ஒட்டியே காட்டுகிறதென்றால், எலக்ட்ரோடைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டரைக் கழற்றி உலர்த்திப் பார்.

எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழைத் துணியால் தேய்க்காதே. தேய்த்தால் அதில் மின்னூட்டம் ஏறி, எண் வெகுநேரம் நிலைக்காமல் அலையும். கழுவி, ஓரத்தில் டிஷ்யூவை ஒற்றினால் போதும். இரவில் மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்க வேண்டும். “சுத்தமான தண்ணீர்தானே” என்று காய்ச்சி வடித்த நீரில் ஊற வைக்கிறவர்களை நீயும் பார்ப்பாய். எலக்ட்ரோடுக்குள் இருக்கிற உப்பை அந்த நீர் உறிஞ்சிவிடும். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்படாதே, கழுவினால் போய்விடும். கடின நீரின் சுண்ணாம்புப் படிவு அப்படிப் போகாது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்மணி நேரம் வைத்து, கழுவி, மறுபடி பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அதன் பிறகு காலிபரேட் செய்.

ஈசி சாதுவான பிள்ளை, பிஎச் போல அடம்பிடிக்காது. அதனாலேயே அதை யாரும் கவனிப்பதில்லை. கிணற்றடியில் எப்போதும் ஈசியை முதலில் அள, பிஎச்சை அடுத்து. காரணம் அந்த மூடிக்குள் இருக்கிற கரைசல்தான். அதில் ஒரே ஒரு சொட்டு 100 மில்லி மாதிரியில் விழுந்தால் ஈசி சுமார் 200 மைக்ரோசீமென்ஸ் ஏறிவிடும். எல்லையை ஒட்டிய நல்ல தண்ணீர்க் கிணறு உப்புக் கிணறாகிவிடும், ஒரு சொட்டில். இரண்டும் ஒரே முனையில் உள்ள பேனா மீட்டர் என்றால், அளக்கப்போகிற தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டு, காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டிவிட்டு அள.

வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு ஈசி ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். 25 டிகிரியில் 1413 காட்டும் கரைசல் 30 டிகிரியில் உண்மையில் 1552. மீட்டர் அதைக் கணக்குப் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து காட்டுகிறது. அந்தக் கணக்கு முழுவதும் ப்ரோபுக்குள் இருக்கிற சின்ன வெப்பநிலை உணரியை நம்பி நடக்கிறது. அது 2 டிகிரி தப்பாக இருந்தால் உன் ஈசி 4 சதவீதம் தப்பு. மாதம் ஒருமுறை ஒரு நல்ல தெர்மாமீட்டரோடு வைத்து ஒப்பிட்டுப் பார். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, ஏன் என்று எனக்குப் புரிந்ததேயில்லை. முகத்துவாரத்து நீரை அளக்கப் போனால் 1413 மட்டும் போதாது, 12,880 கரைசலிலும் பார்த்துக்கொள். கடல்நீர் 50,000ஐத் தாண்டும்.

டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்கள்) பொத்தான் எதையும் அளப்பதில்லை. ஈசியை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த எண் ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7. ஈசி 3200 உள்ள ஒரே கிணற்றை எடுத்துக்கொள். ஒரு மீட்டரில் டிடிஎஸ் 1600, மற்றதில் 2240. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுகிறது. ஒரே தண்ணீர் ஒருவர் கையில் தேறுகிறது, இன்னொருவர் கையில் தவறுகிறது! நோட்டில் ஈசியை எழுது.

பாசனத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது. அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954இல் வகுத்த பிரிவுகளைத்தான் இன்றும் நம் அறிக்கைகளில் எழுதுகிறோம். ஈசி 2250ஐத் தாண்டினால் கடைசிப் பிரிவு. 2100 உள்ள கிணற்றை உன் மீட்டர் 2300 என்று காட்டினால், பிழை 10 சதவீதம்கூட இல்லை, அந்த விவசாயி கையில் போகிற தாளில் பிரிவே மாறிவிடும்.

மாலையில் திரும்பியதும் பெட்டியை மூடுவதற்கு முன் 7.00இலும் 1413இலும் இன்னொரு முறை வெறுமனே அளந்து எழுது. பிஎச் 0.1க்கு மேலோ, ஈசி 5 சதவீதத்துக்கு மேலோ விலகியிருந்தால் அன்றைய எண்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடு. ஈசிக்கு மறுபடி மாதிரி எடுத்தால் போதும். பிஎச்சுக்குக் கிணற்றடியிலேயே மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் பாட்டிலில் அடைத்துக் குலுங்கி வந்த நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறி, பிஎச் ஏறியிருக்கும். பெட்ரோல் கணக்கைக் காட்டி மேலாளர் முணுமுணுப்பார். நோட்டை அவரிடம் நீட்டு.

அடுத்த மாதம் அட்டவணை அனுப்பும்போது, காலையில் திருத்துவதற்கு முன் வந்த எண், மாலையில் வந்த எண், ஸ்லோப், பஃபர் பாட்டில் திறந்த தேதி ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பு. தாள் அகலமாகிறது, பிரிண்ட் எடுக்க முடியவில்லை என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், டிடிஎஸ் பத்தியைத் தூக்கிவிடு.

அன்புடன்,
அண்ணன்