முதல் கோல்ஃப் செட்: பிராண்டா, நகலா? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரேஞ்சில் வாடகை மட்டையோடு சில வாரம் பழகிய பிறகு, சொந்தமாக ஒரு செட் வாங்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கடைக்குப் போனால் டைட்லிஸ்ட், பிங், கேலவே, டெய்லர்மேட் என்று பெயர் பெற்ற மட்டைகளின் விலை மலைக்க வைக்கிறது. இணையத்தில் பார்த்தால், அதே வடிவம், அதே பளபளப்பு, ஆனால் விலை கால்வாசிதான். கூட விளையாடுகிறவர்களில் ஒருவர் "பேரைப் பார்த்து வாங்குங்க" என்பார், இன்னொருவர் "பேருக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?" என்பார்.

என் கருத்து இது. புதியவருக்குத் தேவை ஒரே சீராக நடந்துகொள்ளும் மட்டைகள். இன்று அடித்த அதே அடிக்கு நாளையும் அதே பலன் கிடைத்தால்தான் தவறு தன்னுடையதா, மட்டையுடையதா என்று தெரியும். அந்தச் சீர்மை புத்தம்புது நகலில் இருப்பதைவிட, சில ஆண்டு பழகிய நல்ல பிராண்ட் மட்டையில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை எப்படித் தேடுவது, எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

## முதலில் நான்கு வகைகளைப் பிரித்தறியுங்கள்

அசல் பிராண்ட்: சொந்தமாக வடிவமைத்து, சோதித்து, தன் பெயரில் விற்கும் நிறுவனங்களின் மட்டை.

கடையின் சொந்த பிராண்ட்: டெகாத்லானின் இனெசிஸ், அமெரிக்காவில் காஸ்ட்கோவின் கிர்க்லாண்ட் போன்றவை. இவை நகலும் அல்ல, போலியும் அல்ல. விளம்பரச் செலவு குறைவு, விலையும் குறைவு. கிர்க்லாண்ட் 2023-இல் கொண்டுவந்த அயர்ன் செட்டில் 7 மட்டைகள். அப்போது விலை சுமார் 500 டாலர்தான். 2024 ஜனவரியில் டெய்லர்மேட், தன் பி790 அயர்னின் காப்புரிமையை அது மீறுகிறது என்று வழக்குப் போட்டது. விலை குறைந்த மட்டையும் பெரிய நிறுவனத்தைக் கவலைப்பட வைக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

சாயல் மட்டை (நகல்): பிரபல மாடலின் வடிவத்தைப் பின்பற்றி, வேறு பெயரில் விற்பது. இதில் எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம், இசைத்தட்டு உறை ஒன்றின் மீது வரைந்த படத்திலிருந்து 1966-இல் 'ஆன்சர்' பட்டரை உருவாக்கினார். அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அந்த வடிவத்தில் பட்டர் செய்துவிட்டன. அவற்றில் மிக நல்லவையும் உண்டு.

போலி: அசல் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையுமே திருடிப் பொறித்து விற்பது. சாயல் மட்டை "நான் வேறு" என்று சொல்லி விற்கிறது. போலி பொய் சொல்லி விற்கிறது. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி போலிச் சின்னம் போட்ட சரக்கை விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. இந்த வகையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

## விலை வித்தியாசத்தில் எது அடங்கியிருக்கிறது?

பிராண்ட் மட்டையின் விலையில் தொழில்முறை வீரர்களுக்குக் கொடுக்கும் பணமும் விளம்பரமும் கலந்திருக்கின்றன என்பது உண்மை. அதைத் தாண்டி மூன்று விஷயங்களுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம்.

முதலாவது, உலோகம். டிரைவரின் தலை பெரும்பாலும் டைட்டானியக் கலவை. அயர்ன் என்றால் 17-4, 431 போன்ற துருப்பிடிக்காத எஃகு அல்லது மென்மையான கார்பன் எஃகு. மலிவான நகலில் துத்தநாகக் கலவையோ அலுமினியமோ இருக்கலாம். பார்வைக்குத் தெரியாது, நாள்பட அடிக்கும்போது பந்து படும் முகம் பள்ளமாவதில் தெரியும்.

இரண்டாவது, ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு. ட்ரூ டெம்பர், கேபிஎஸ், ஃபுஜிகுரா போன்றவை ஷாஃப்ட் செய்வதில் பெயர் பெற்ற நிறுவனங்கள். செட் முழுக்க ஒரே அளவு வளைவு இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்களின் உழைப்பு இருக்கிறது. நகல் செய்கிறவர் முதலில் கைவைப்பது இங்கேதான், ஏனென்றால் வாங்குகிறவர் கண் எப்போதும் தலையில்தான் இருக்கும்.

மூன்றாவது, சரிபார்ப்பு. "பெரிய கம்பெனிக்குப் போடுற அதே ஃபேக்டரிலதான் இதுவும் செய்றாங்க" என்று விற்பவர் சொல்வார். பெரிய நிறுவனங்களின் மட்டைத் தலைகளும் பெரும்பாலும் சீனா, தைவான் போன்ற ஆசிய நாடுகளின் வார்ப்பு ஆலைகளில்தான் உருவாகின்றன என்பது உண்மையே. ஆனால் எந்த அளவு பிசகினால் மட்டையை ஒதுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஆர்டர் கொடுக்கும் நிறுவனம்தான். ஒதுக்குவதற்கும் காசு செலவாகும்.

## பழைய பிராண்ட் ஏன் இவ்வளவு லாபம்?

அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏவும்தான் உலக கோல்ஃபின் விதிகளை வகுப்பவை. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2004 முதல் அமலில் இருக்கிறது. முகம் எந்த அளவுக்குப் பந்தை உந்தித் தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. எல்லா நிறுவனங்களும் ஏற்கெனவே அந்த விளிம்பில்தான் நிற்கின்றன. அதனால் ஐந்து வருடத்துக்கு முந்தைய பிராண்ட் டிரைவருக்கும் இன்றைய புது டிரைவருக்கும் உள்ள வித்தியாசம், புதியவரின் கையில் அநேகமாகத் தெரியாது. விலையில் மட்டும் நன்றாகத் தெரியும். புது மாடல் வந்ததும் பழையதன் விலை சரசரவென இறங்கிவிடும்.

## படி 1: கடைக்குப் போகும் முன் உங்களை அளந்துகொள்ளுங்கள்

ஷூ போட்டு, கைகளைத் தொங்கவிட்டு நேராக நில்லுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை எவ்வளவு என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரமும் இந்த அளவும் சேர்ந்துதான் மட்டையின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

அடுத்து, வீச்சின் வேகம். ரேஞ்சில் வேகம் காட்டும் கருவி இருந்தால் டிரைவரால் சில அடி அடித்துப் பாருங்கள். மணிக்கு 85 முதல் 95 மைல் என்றால் பொதுவாக 'ரெகுலர்' ஷாஃப்ட். அதற்குக் கீழே என்றால் 'சீனியர்' அல்லது 'லேடீஸ்'. மேலே என்றால் 'ஸ்டிஃப்'. இந்தப் பெயர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல இருக்கலாம். ஆகவே பெயரை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மட்டையை வெட்டிக் கொடுக்காதீர்கள். நீளம் குறையுமே தவிர கனம் பெரிதாகக் குறையாது, விறைப்பும் குறையாது. பிஞ்சுக் கைகள் தவறான வீச்சைப் பழகிவிடும்.

## படி 2: எத்தனை மட்டை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். அது உச்சவரம்புதான். புதியவருக்கு ஏழு அல்லது எட்டு போதும்:

- ஒரு டிரைவர் அல்லது 3 வுட்
- ஒரு ஹைபிரிட்
- 6, 7, 8, 9 அயர்ன்களில் இரண்டு அல்லது மூன்று
- பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ்
- ஒரு பட்டர்

14 மலிவான மட்டைக்குக் கொடுக்கும் பணத்தில் 7 நல்ல மட்டை வாங்கலாம். அந்த ஏழும் ஒவ்வொன்றாக உங்களுக்குப் பழகிவிடும்.

## படி 3: எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கோச்சிடமும் கிளப்பின் ப்ரோ ஷாப்பிலும் சொல்லி வையுங்கள். சென்னையோ கோவையோ கொடைக்கானலோ, எந்த ஊர் மைதானமானாலும் வசதியான உறுப்பினர்கள் புது செட்டுக்கு மாறும்போது பழையது கைமாறும். யாருடைய மட்டை, எத்தனை வருடம் ஆடியது என்பது கேடிகளுக்கும் நன்றாகத் தெரியும். அடுத்து, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் போன வருட மாடலின் மிச்சச் சரக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறகு கடைகளின் சொந்த பிராண்டைப் பாருங்கள். முகம் தெரியாத விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள்.

## படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

ஒரு சிறிய டிஜிட்டல் தராசும் ஒரு காந்தமும் கொண்டுபோங்கள்.

தராசுச் சோதனை. அயர்ன் செட்டில் எண் ஒவ்வொன்றாக ஏறும்போது மட்டை பொதுவாக அரை அங்குலம் குட்டையாகும். தலை சுமார் 7 கிராம் கூடுதலாகக் கனக்கும். ஷாஃப்ட் குட்டையாவதால் மொத்த எடையில் அந்த ஏற்றம் இன்னும் சற்றுக் குறைவாகத் தெரியும். 6-ஐ நிறுத்து, 7-ஐ நிறுத்து, 8-ஐ நிறுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். சில சில கிராமாகச் சீராக ஏறினால் அது ஒழுங்காகச் செய்த செட். 7 அயர்ன் 6-ஐவிட இலேசாக இருந்து, 8 திடீரென 20 கிராம் எகிறினால், அந்தச் செட்டில் ஒவ்வொரு மட்டைக்கும் ஒவ்வொரு வீச்சு பழக வேண்டியிருக்கும். வாங்க வேண்டாம். இந்த ஒரு சோதனை விற்பவரின் ஆயிரம் வார்த்தையைவிட நம்பகமானது.

காந்தச் சோதனை. 'டைட்டானியம்' என்று எழுதியிருக்கும் டிரைவரின் முகத்தில் காந்தத்தை வையுங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது எஃகு. ஒட்டாவிட்டாலும் முழு நிம்மதி வேண்டாம், அலுமினியத்திலும் ஒட்டாது.

கழுத்துச் சோதனை. தலையும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அங்கே இடைவெளியோ வழிந்த பசையோ தெரிகிறதா, தலையைப் பிடித்துத் திருகினால் அசைகிறதா என்று பாருங்கள். வீசும்போது தலை கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

முகச் சோதனை. பழைய மட்டையில் கோடுகள் தேய்ந்திருக்கிறதா, முகத்தின் நடுவில் பள்ளமோ விரிசலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிரிப் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். முகம் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

## படி 5: போலியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

போலிகளின் தொல்லை பெருகியதால்தான் அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் நிறுவனங்கள் 2004-இல் ஒன்றுசேர்ந்து போலி ஒழிப்புக் குழு அமைத்தன. உங்கள் அளவில் கவனிக்க வேண்டியவை:

- இந்த வருடத்து மாடல், புத்தம் புதிது, விலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்றால் சந்தேகப்படுங்கள்.
- எழுத்துகளில் நிரப்பிய பெயின்ட் வழிந்திருக்கிறதா, ஷாஃப்ட் ஸ்டிக்கர் கோணலா, தலையுறையின் தையல் பிரிகிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.
- வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிங் அயர்ன்களின் கழுத்தில் அது பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால், மட்டை முதலில் என்ன நீளத்தில், என்ன கோணத்தில் தயாரானது என்று அந்த நிறுவனமே சொல்லும்.

## படி 6: அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வெள்ளைப்பலகை மார்க்கரால் பந்தில் ஒரு தடித்த கோடு போடுங்கள். கோடு மட்டை முகத்தைப் பார்த்து நெட்டுக்குத்தாக நிற்கும்படி பந்தை வைத்து 7 அயர்னால் அடியுங்கள். முகத்தில் கோட்டின் தடம் பதியும். அது நேராக இருந்தால் மட்டையின் சாய்வு உங்களுக்குப் பொருந்துகிறது, சாய்ந்திருந்தால் பொருந்தவில்லை. பொருந்தாத மட்டை, நன்றாக அடித்த பந்தையும் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும்.

இன்னொன்றில் ஏமாறாதீர்கள். "இந்த 7 அயர்ன் பத்து கெஜம் கூடப் போகும்" என்று காட்டுவார்கள். முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுதான் லாஃப்ட். பழைய பாணி 7 அயர்னில் அது 34, 35 பாகை. புதியவர்களுக்கென்று இன்று வரும் பல மாடல்களில் 28 முதல் 30 பாகை. முகத்தை நிமிர்த்தினால் பந்து தூரம் போகத்தான் செய்யும். மட்டையில் எழுதியிருக்கும் எண்ணை ஒப்பிடாமல் லாஃப்ட்டை ஒப்பிடுங்கள்.

## சாயல் மட்டை எப்போது சரி?

வருடத்தில் சில முறைதான் ஆடுவீர்கள், விளையாட்டு பிடிக்குமா என்றே தெரியாது, அருகில் நல்ல பழைய செட் கிடைக்கவில்லை என்றால் வாங்கலாம். மேலே சொன்ன தராசு, கழுத்து, மார்க்கர் சோதனைகளில் தேறியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பட்டரிலும் வெட்ஜிலும் சாயலால் பெரிய நஷ்டமில்லை. அயர்னிலும் டிரைவரிலும்தான் உலோகமும் ஷாஃப்ட்டும் வேலை செய்கின்றன. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். போட்டியில் ஆடும் எண்ணம் இருந்தால், ஆர் அண்ட் ஏ வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட டிரைவர் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## வரிசைப்படி சொன்னால்

1. மூன்று முதல் ஆறு வருடம் பழைய, உங்கள் அளவுக்குப் பொருந்தும் பிராண்ட் மட்டைகள்
2. கடையின் சொந்த பிராண்டில் தொடக்க நிலை செட்
3. சோதனையில் தேறிய சாயல் மட்டை
4. போலி எந்த நிலையிலும் வேண்டாம்

மிச்சமாகும் பணத்தை ஒரு நல்ல கோச்சிடம் பத்து வகுப்புக்குக் கொடுங்கள். வீச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, எந்த மட்டை உங்களுக்குப் போதவில்லை என்று உங்களுக்கே தெரிய வரும். புது பிராண்டுக்குச் செலவு செய்ய அதுதான் சரியான நேரம்.